மம்பட்டிக் காம்பும் ரைபிள் கட்டையும்

எங்க ஊர்ப் பக்கம் மம்பட்டிக் காம்பு ஆட ஆரம்பிச்சா யாரும் உடனே ஆசாரியத் தேடிப் போக மாட்டாங்க, ராத்திரி தொட்டித் தண்ணியில தலைகீழா ஊறப் போட்டுருவாங்க, காலைல எடுத்தா காம்பு ஊதி இரும்புக்குள்ள இறுகிப் போயிருக்கும். சித்திரை வெயில்ல நாலு நாள் வேலை பாத்தா திரும்பவும் ஆடும். அதே மாதிரி ஐப்பசி மழைக்கு வாசக்கதவு நிலையோட சிக்கிக்கிட்டு தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும், பங்குனில அதே கதவு காத்துக்குத் தானா ஆடும். மரம் தண்ணிய உறிஞ்சினா ஊதும், விட்டா சுருங்கும். ரைபிள்ல குழலையும் இரும்பையும் தாங்கி, தோள்ல வைக்குத பகுதியத்தான் கட்டைன்னு சொல்லுவாங்க, அது மரத்துல இருந்தா நல்லதா, பிளாஸ்டிக், ஃபைபர் மாதிரி சிந்தடிக்ல இருந்தா நல்லதான்னு கேக்கவங்களுக்கு நான் சொல்லுத பதில் முக்காவாசி இந்த மம்பட்டிக்குள்ளயே இருக்கு. என்ன, மம்பட்டில ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருந்தா ஒண்ணும் ஆகாது, ரைபிள்ல அந்த ஒரு மில்லிமீட்டர் குறியையே மாத்திப்புடும்.

இதை இப்ப எழுத காரணம் எங்க சித்தி மவன். தம்பி மெல்போர்ன்ல இருக்கான், அங்க வேட்டை லைசென்ஸ் எடுத்துட்டு முதல் ரைபிள் வாங்கப் போறேன், எந்தக் கட்டை எடுக்கட்டும் அண்ணேன்னு கேட்டான். அவன் வேட்டைக்குப் போறது எதுக்குன்னா மிளாவுக்கு, அதாவது கடமானுக்கு. நம்ம மேற்கு மலையில நிக்குதே அதே மிளா தான், 1860கள்ல வெள்ளக்காரங்க கொண்டுபோய் விக்டோரியா மாகாணத்துல விட்டது, அங்க இருக்க மலைக்காட்டுல பெருகி இப்ப வருசம் முழுக்க நடந்து போய் வேட்டையாட சட்டமே இடம் கொடுக்கு. ஆனா ரைபிள் குறைஞ்சது .270 காலிபர் இருக்கணும், காலிபர்னா குழல் வாயோட அளவு, குண்டோட எடை 130 கிரெய்னுக்குக் குறையக் கூடாதுன்னு கணக்கு வச்சிருக்காங்க, ஏன்னா மிளா பெரிய உருப்படி, காயத்தோட ஓட விட்டா பாவம்.

நம்ம ஊர்ல அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கறது குத்தம், அதுவும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தலைமாட்டுல இருக்க எங்களுக்கு அது சொல்லியா தெரியணும். பன்னி வாழைய உழுது போட்டாக் கூட வனத்துறைக்குத்தான் மனு எழுதணும். சரியான சட்டம் தான் அது, மலை இவ்வளவாவது பச்சையா நிக்கதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால இந்தக் கட்டுரைல வேட்டைன்னு வர்றதெல்லாம் அது அனுமதிச்ச நாட்டுக்கு. கட்டையைப் பத்தின விஷயம் மட்டும் லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்க எல்லாருக்கும் பொது, விவசாயத்துக்கு வச்சிருக்கவங்களுக்கும் சரி, பேங்க்ல காவலுக்கு நிக்க ரிட்டயர்டு மிலிட்டரிக்காரங்களுக்கும் சரி, ரைபிள் கிளப்புக்குப் போற பிள்ளைகளுக்கும் சரி.

எனக்கு இதுல பழக்கம் வந்தது பெரியப்பாவால. மிலிட்டரில இருந்து வந்து களக்காட்டுக்குக் கீழ வாழை போட்டாவ, பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் எடுத்து ஒரு .315 ரைபிள் வச்சிருந்தாவ. அது இஷாப்பூர் ஃபேக்டரில செய்யுதது, மிலிட்டரில இருந்த பழைய த்ரீ-நாட்-த்ரீ, அதாவது .303 என்ஃபீல்டோட அதே போல்ட் அமைப்பு, கைப்பிடிய இழுத்துத் தள்ளி தோட்டா ஏத்துதது, .303 தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாதுங்கறதால .315-ன்னு வேற காலிபர்ல வருது. அது பெரியப்பா கைல இருந்து சத்தம் போட்டத விட எண்ணெய் குடிச்சதுதான் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை காலைல திண்ணைல சாக்கு விரிச்சு கழத்தித் தொடைப்பாவ, நானும் அண்ணனும் ரெண்டு பக்கமும் உக்காந்து துணி எடுத்துக் கொடுப்போம். இப்ப லைசென்ஸ் அண்ணன் பேர்ல இருக்கு.

ஒரு உள்ளாட்சித் தேர்தலப்போ எல்லாரையும் போல நாங்களும் துப்பாக்கியக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சோம். சரியான அடைமழைக் காலம். அங்க ஓதம் அடிச்ச சுவத்துல சாத்தி வச்சிருந்திருக்காங்க, திரும்பி வரும்போது தோள்ல வைக்குத பட் அடில வெள்ளையா பூஞ்சை, குழலுக்குக் கீழ இருக்க முன்கட்டை ஊதி குழலை ஒரு பக்கமா நெருக்கிக்கிட்டு இருந்தது. அப்புறம் சுட்டுப் பழகுத ரேஞ்சுல வச்சு அண்ணன் சுட்டுப் பாத்தா வழக்கமா விழுத இடத்துல ஒண்ணு கூட விழல, எல்லாம் இடது பக்கமா மேல போய் ஒண்ணா விழுந்திருக்கு. குறி பாக்குத சைட்ட யாரும் தொடவே இல்ல. ரெண்டு மாசம் காத்தாட வீட்டுக்குள்ள இருந்து காஞ்ச பிறகு, பழைய இடத்துக்குப் பக்கத்துல வந்திச்சு. அன்னைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் முழுசாப் புரிஞ்சுது.

ஏன் அப்படி ஆகுதுன்னா, சுடும்போது குழல் ஒரு கம்பி மாதிரி அதிரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தா குண்டு ஒரே இடத்துக்குப் போகும். பக்கத்துல ஏதாவது தொட்டுக்கிட்டு இருந்தா அதிர்வு மாறும், தொடுத அழுத்தம் நாளுக்கு நாள் மாறினா குறியும் நாளுக்கு நாள் மாறும். அதனாலதான் இப்ப வர ரைபிள்கள்ல பெரும்பாலும் குழல் முன்கட்டையத் தொடாம அந்தரத்துல நிக்க மாதிரி இடைவெளி விட்டுச் செய்யுதாங்க. பழைய என்ஃபீல்டு அப்படி இல்ல, அதுல மரமும் குழலும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும், எந்த இடத்துல எவ்வளவு அழுத்தணும்னு அளவு வச்சு செதுக்கியிருப்பாங்க, அப்ப மரம் ஊதினா அந்த அளவு போச்சு.

எவ்வளவு ஊதும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். காத்துல ஈரப்பதம் 30 சதவீதம் இருக்க இடத்துல ரொம்ப நாள் கெடக்குத மரத்துக்குள்ள ஏறத்தாழ 6 சதவீதம் தண்ணி இருக்கும், 65 சதவீத ஈரக்காத்துல 12, 90 சதவீதத்துல 20 பக்கம் வந்துரும். நீளவாக்குல மரம் அனேகமா அசையாது, அகலத்துலதான் ஊதும், அதுலயும் மரத்துக்குள்ள இருக்க வருச வளையத்தோட போக்குல ஊதுதது ஜாஸ்தி. துப்பாக்கிக் கட்டைக்கு வழக்கமா எடுக்க வால்நட் மரத்துல ஒரு சதவீதம் தண்ணி கூடினா அந்தப் போக்குல கால் சதவீதம் ஊதும்னு வச்சுக்கோங்க. 12-ல இருந்து 20-க்குப் போனா 8 சதவீதம், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்கட்டை ஒரு மில்லிமீட்டர் ஊதிரும். குழலுக்கும் கட்டைக்கும் விடுத இடைவெளியே பல ரைபிள்கள்ல அவ்வளவுதான். ஒரு நாள் மழைல நனைஞ்சா இவ்வளவு ஆகாது, உள்ளுக்குள்ள ஈரம் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். ஆனா மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மாதிரி மாசக்கணக்குல மேகத்துக்குள்ளயே கெடக்க இடம்னா ஆகும். தம்பி போற விக்டோரியா மலையும் மழை, பனி, குளிர்காலத்துல ஸ்னோ எல்லாம் உண்டு, ராத்திரி ஈரத்துல கெடந்துட்டு வீட்டுக்கு வந்தா ஹீட்டர் போட்ட காஞ்ச ரூமு. ஊதும், சுருங்கும், திரும்ப ஊதும்.

அமெரிக்க மரைன் படை இந்தப் பாடத்தை வியட்நாம்ல படிச்சுது. 1966-ல ஸ்னைப்பர்களுக்கு எம்40-ன்னு ஒரு ரைபிள் கொடுத்தாங்க, ரெமிங்டன் கம்பெனியோட 700 மாடல்ல இருந்து செஞ்சது, கட்டை வால்நட். காட்டு ஈரத்துல கட்டை ஊதி முறுக்கிக்கிச்சு, குறி நிக்கல. 1970கள்ல அதையே எம்40ஏ1-ன்னு மாத்தும்போது மரத்தை எடுத்துட்டு மெக்மில்லன் கம்பெனி செஞ்ச ஃபைபர்கிளாஸ் கட்டை போட்டாங்க. வேட்டைக்காரங்க மத்தியில ஃபைபருக்கு மதிப்பு ஏறுனதுக்கு இதுவும் ஒரு காரணம். அதுக்கு முன்னாடியே 1959-ல ரெமிங்டன் நைலான் 66-ன்னு ஒரு .22 ரைபிள் விட்டுச்சு, டூபாண்ட் கம்பெனியோட நைலான்ல கட்டை, நல்லா வித்துது. ஆனா பெரிய ரைபிள் வாங்குதவங்க அப்பல்லாம் பிளாஸ்டிக்கத் திரும்பிப் பாக்கல.

நம்ம கடக்கரைலயும் இதே கதை நடந்திருக்கு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் போனா இப்ப கரைல நிக்கது பூரா ஃபைபர் வள்ளம், முன்னாடி கட்டுமரம். மரம்னா கடல்ல கெடந்து ஊறி கனத்துப் போகும், கரை ஏத்தி காயப் போடணும். ஃபைபர் ஊறாது. அடிபட்ட இடத்துல ஃபைபர் பாயும் ரெசின் பசையும் வச்சு ஒட்டி திரும்ப கடலுக்கு அனுப்பிருவாங்க.

இங்க ஒரு விஷயம் நல்லா வெளங்கிக்கணும். "சிந்தடிக்"னு கடைல ஒரே பேர்ல சொன்னாலும் அது ஒரே பொருள் இல்ல. ஒண்ணு, உவரி வள்ளம் மாதிரி பாய் பாயா ரெசின் தடவி அச்சுல அடுக்கிச் செய்யுத ஃபைபர்கிளாஸ், அதே முறைல கெவ்லார், கார்பன் ஃபைபர். இன்னொண்ணு, கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர் மாதிரி உருக்கி அச்சுக்குள்ள அடிச்சு ஒரே நிமிஷத்துல வெளிய எடுக்கது. மலிவு ரைபிள்ல வாரது இந்த ரெண்டாவது. பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சு உக்காந்தா கால் விரியுதுல்ல, அதே வளைவு இதுலயும் உண்டு, முன்கட்டையக் கையால குழலோட சேத்து அமுக்கினா போய்த் தொட்டுரும். முன்னால ரெண்டு கால் வச்ச பைபாட் தாங்கி போட்டு சாஞ்சு சுட்டாலோ, தோள் வார் மாட்டி இறுக்கிப் பிடிச்சாலோ தொடும். அப்ப எந்தக் காரணத்துக்காக மரத்த விட்டு ஓடி வந்தமோ அதே நோய் வேற வழியா வந்து சேருது. மழைக்கு ஊதாதுங்கறது நெசம், ஆனா கைக்கு வளையும். நல்ல வால்நட் கட்டைய விட மோசமான பிளாஸ்டிக் கட்டை நல்லதுன்னு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு ஏமாத்தம். பிளாஸ்டிக் கட்டை நனையாதுன்னு நம்பி ரைபிள அப்படியே ஓரமா வச்சிருவாங்க, ஆனா கட்டைக்கும் குழலுக்கும் நடுவுல போன தண்ணி எங்க போகும், அங்கயேதான் நிக்கும். கட்டைக்கு ஒண்ணும் ஆகாது, மறைவா இருக்க இரும்புல துரு ஏறும். உப்புக்காத்து அடிக்க ஊர்ல சொல்லவே வேண்டாம். சிந்தடிக் வாங்குனா குழல் ஸ்டெயின்லெஸ்ல பாரு, இல்ல நனைஞ்ச அன்னைக்கே கழத்தித் தொடைன்னு தம்பிட்ட சொன்னேன்.

மரத்தோட பக்கம் பேசவும் நெறைய இருக்கு. அக்ரூட் மரம், அதாவது வால்நட், எதுக்கு இத்தனை வருசமா துப்பாக்கிக்குன்னு நின்னுச்சுன்னா, கனமும் பலமும் அளவா இருக்கும், சுடும்போது பின்னால வார உதைய வாங்கிக்கும், உளிக்கு நல்லா ஒத்துழைக்கும், நல்லா காய வச்சா முறுக்கல் கம்மி. காஷ்மீர்ல அதுல எவ்வளவு நுணுக்கமா சிற்பம் செதுக்குதாங்கன்னு பாத்தா தெரியும். நம்ம ஊர்ல தேக்குல செஞ்சா என்னன்னு கேப்பாங்க. தேக்கு தண்ணிக்கு அசையாது, அது நெசம், கதவுக்கும் நிலைக்கும் அதை அடிச்சுக்க ஆள் கிடையாது, ஆனா உதை வாங்குத எடத்துல நரம்போட பொளக்க சுபாவம் உண்டு. அம்பாசமுத்திரத்துல கடைசல் பட்டறைல சொப்புச் சாமான் கடையுதவங்களக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரம்னு.

மரத்துல அடிபட்டு பள்ளம் விழுந்தா ஈரத்துணிய மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டுனா ஆவி ஏறி பள்ளம் மேல எழும்பி வந்துரும், இத நானே எங்க வீட்டு ரைபிள்ல செஞ்சிருக்கேன். கீறல் விழுந்தா உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவலாம். வெடிப்பு விட்டா எப்பாக்ஸி வச்சு ஒட்டலாம். அச்சுல அடிச்ச பிளாஸ்டிக் பொளந்தா தூரப் போடத்தான் செய்யணும். குளிர்ல கன்னத்த வச்சா மரம் ஜில்லுன்னு இருக்காது. காட்டுக்குள்ள நடக்கும்போது கிளை உரசினா மரம் மெதுவாத்தான் சத்தம் போடும், உள்ள வெத்தா இருக்க பிளாஸ்டிக் பட் டொக்குன்னு டப்பா மாதிரி கேக்கும், மிளாவோட காதப் பத்தி மலையோரத்துல வளந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

எடையப் பத்தியும் ஒரு வார்த்தை. கார்பன் ஃபைபர் கட்டை ரொம்ப லேசு, மலை ஏறும்போது தெரியும் அந்த அருமை. ஆனா லேசாக லேசாக உதை கூடும். அதே தோட்டாவுக்கு 3.6 கிலோ ரைபிள 3 கிலோவாக்கினா உதையோட சக்தி அஞ்சுல ஒரு பங்கு கூடிரும், இது சாதாரண பள்ளிக்கூடக் கணக்கு. புதுசா சுடுத ஆளுக்கு உதை பயத்த உண்டாக்கும், பயம் வந்தா ட்ரிக்கர இழுக்கும்போது கண்ண மூடும், அப்ப எந்தக் கட்டையும் காப்பாத்தாது. தம்பி ஆள் ஒல்லி, இத மட்டும் ரெண்டு தடவ சொன்னேன்.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிச்சது அதான், லேமினேட் கட்டை. மெல்லிசான மரத்தகடுகள பசை போட்டு அழுத்தி ஒரே கட்டையாக்கி அதுல செதுக்குதது. பிளைவுட் மாதிரிதான், ஆனா பிளைவுட்ல தகடு குறுக்கும் நெடுக்குமா போகும், இதுல பெரும்பாலும் எல்லா நரம்பும் நீளவாக்குலயே ஓடும். ஒரு தகடு ஒரு பக்கம் முறுக்கப் பாத்தா பக்கத்துத் தகடு விடாது, பசையும் ஈரத்த லேசுல உள்ள விடாது. ஜெர்மன்காரங்க 1930கள்லயே கார்98கே-ங்கற மிலிட்டரி ரைபிளுக்கு இதப் போட ஆரம்பிச்சுட்டாங்க, நல்ல முழு மரத்துக்கு வருசக்கணக்குல காத்திருக்க வேண்டாம், பலமும் ஜாஸ்தி. குறை என்னன்னா கனம். வால்நட்ட விட கனக்கும், அந்த வரி வரியான நிறமும் எல்லாருக்கும் பிடிக்காது.

இவ்வளவு பேசினாலும், கட்டை எதுல செஞ்சதுங்கறத விட இரும்பு கட்டைக்குள்ள எப்படி உக்காருதுங்கறதுதான் பெருசு. பெட்டிங்னு சொல்லுவாங்க. சுடும்போது வார உதை முழுக்க குழலுக்குக் கீழ இருக்க ஒரு சின்ன இரும்புக் குமிழ் வழியா கட்டைக்கு இறங்குது, அது கட்டைல எந்தச் சந்தும் இல்லாம பதிஞ்சு உக்காரணும். மம்பட்டிக் காம்புக்கு ஆப்பு சரியா எறங்கலன்னா எவ்வளவு வைரம் பாஞ்ச காம்பு போட்டும் பிரயோஜனம் இல்லல்ல, அதே கதை. எப்பாக்ஸிய ஊத்தி அந்த இரும்போட அச்சையே கட்டைக்குள்ள எடுத்துருவாங்க. கூடவே ஸ்க்ரூ போற ஓட்டைல அலுமினியக் குழாய் வச்சுட்டா ஸ்க்ரூ முறுக்கும்போது மரம் நசுங்காது. இப்படிச் செஞ்ச வால்நட் ரைபிள், ஒண்ணும் செய்யாத பிளாஸ்டிக் ரைபிள ஈசியா ஜெயிக்கும். கையில ஒரு பத்து ரூபா நோட்டு இருந்தா போதும், குழல் அந்தரத்துல நிக்க ரைபிள்னா நோட்ட குழலுக்கு அடில விட்டு பின்னால வரைக்கும் இழுத்துப் பாக்கலாம், எங்க சிக்குதோ அங்க தொடுதுன்னு அர்த்தம். மழைக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ பாக்கணும்.

ஏற்கெனவே மரக்கட்டை வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லக்கூடியது. வெளிய பளபளன்னு பாலிஷ் போட்டுட்டு உள்ள பச்சையா விட்டுருவாங்க, தண்ணி வாரது உள்ள இருந்துதான். பட் தகட்டக் கழத்திப் பாத்தா நரம்போட வெட்டு முனை தெரியும், குழாய் வாய் தொறந்து வச்ச மாதிரி அது, அகலத்துல உறிஞ்சுதத விட பல மடங்கு வேகமா அங்க உறிஞ்சும். அதையும், குழல் படுக்குத பள்ளத்தையும் பாலியூரித்தேன் வார்னிஷோ எப்பாக்ஸியோ தடவி அடைக்கணும். ஆளிவிதை எண்ணெய் பாக்க அழகு, தொட்டா சுகம், ஆனா காத்துல இருக்க ஈரத்த அது தடுக்குதது ரொம்பக் கம்மி, அத மட்டும் நம்பக் கூடாது. துப்பாக்கி எண்ணெய அளவுக்கு மீறி ஊத்துதது எங்க வீட்லயும் இருந்த பழக்கம், அது பின்னால வடிஞ்சு மரத்துக்குள்ள இறங்கி கறுத்து மெத்து மெத்துன்னு ஆக்கிப்புடும், உதை வாங்குத இடமே அதுதான். தொடைச்ச பிறகு குழல் வாய் கீழ பாக்க கொஞ்ச நேரம் சாத்தி வச்சா எண்ணெய் அந்தப் பக்கம் வடியும்.

என்ஃபீல்டு வகைல இன்னொரு எச்சரிக்கை. பட் தனிக்கட்டை, உள்ள ஓடுத நீளமான போல்ட்லதான் நிக்கும், கோடைல மரம் சுருங்கி லேசா ஆட ஆரம்பிக்கும். ஆடுதேன்னு பின்னாடி இருந்து நேரா ஸ்க்ரூடிரைவர விட்டு முறுக்கிராதீங்க, பழைய த்ரீ-நாட்-த்ரீல அந்த போல்ட்டோட சதுர முனை முன்கட்டைல இருக்க தகட்டுல மாட்டியிருக்கும், முன்கட்டையக் கழத்தாம திருகினா அது பொளந்துரும். பெரியப்பா இத திட்டித் திட்டி சொல்லிக் கொடுத்தாவ.

அண்ணன் அந்தப் பழைய கட்டைய மாத்தி ஃபைபர் போட்டுரலாமான்னு ஒரு தடவ கேட்டான். நான் வேண்டாம்னுட்டேன். அது மலைக்கு மேல போற ரைபிள் இல்ல, வீட்ல இருக்குதது, லைசென்ஸ் உள்ள பட்டறைல கொடுத்து வெட்டு முனைய அடைச்சாச்சு, பூஞ்சை போயிட்டு. பெரியப்பா கன்னம் வச்ச இடம் இன்னும் வழுவழுன்னு இருக்கு. தம்பியோட நிலைமை வேற. அவனுக்கு ஒரே ரைபிள், மழைலயும் பனிலயும் அதான். அவனுக்கு லேமினேட், இல்லைன்னா முன்கட்டைய அமுக்கிப் பாத்து வளையாத ஃபைபர், ரெண்டுல ஒண்ணு எடுக்கச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை கடைக்குப் போறான். ரெண்டையும் கையில வாங்கி, காலியான்னு பாத்துக்கிட்டு, கண்ண மூடி தோளுக்குக் கொண்டு போய் கன்னத்த வச்சு அப்புறம் கண்ணத் தொற, ஸ்கோப்புக்கு நடுவுல வெளிச்சம் முழுசா தெரியுத ரைபிளோட எனக்கு போன் போடுன்னு சொல்லியிருக்கேன்.